நாலு மணிக்குத் திறக்கும்

பதினோரு பேர், ஒரு வேன்.
ஓட்டுவது சிக்கந்தர்.
கழுத்தில் தொங்கும் அட்டையில் சோலையம்மை, அது நான்.
ஒரே நாளில் நாலு நகரக்கோயில்,
சாப்பாட்டுக் காசு தனி, செருப்புக்கு நான் பொறுப்பில்லை.

கடைசி இருக்கையில் இருந்தவள்
லக்ஸரிலிருந்து வந்த நாகிலா.
மாத்தூரில் வெயிலை நான் முகத்தில் வாங்கிக்கொண்டு
கூட்டத்தை நிழலில் நிறுத்தியபோது
எல்லாரும் தூணைப் பார்த்தார்கள்,
அவள் என்னைப் பார்த்தாள்.
இலுப்பைக்குடியில், சிரிப்புக்காக
நான் வழக்கமாய் விடும் இடைவெளியில்
எல்லாருக்கும் முன்னால் சிரித்தாள்.
தொழில் தெரிந்த சிரிப்பு.

"இருபத்திரண்டு வருஷம்," என்றாள்.
"கர்னாக், எட்ஃபூ, ஒரு நாள் சுற்று.
மே மாதம் எங்கள் ஊர்க் கல்லில் கால் வைக்க முடியாது.
வெயிலுக்குத் தப்பித்தான் இங்கே வந்தேன்."
காரைக்குடிக்கு.
மே மாதத்தில்.
சிக்கந்தர் கண்ணாடி வழியாக
அவளைப் பரிதாபமாய் ஒரு பார்வை பார்த்தான்.

ஒருவருக்கு இளநீர், ஒருவருக்கு மறந்த கைப்பேசி,
இரணியூர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு ஐந்து.
எங்கள் முகத்துக்கு நேரே நடை சாத்தினார்கள்.
உள்ளே தாழ் விழுந்தது.
"சாமி சாப்பிட்டாச்சு. இனிமே நாலு மணிக்குத்தான்."
பத்துப் பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள்,
பிறகு என்னை.
மன்னிப்புக்கென்று வைத்திருக்கும் வாக்கியத்தை எடுத்தேன்.

அவள் கதவின் பித்தளைக் குமிழில் கை வைத்தாள்,
சுட்டது, எடுத்தாள், மறுபடி வைத்தாள்.
"எங்கள் ஆட்களுக்குச் சோறு வைத்து
ஆயிரத்தைந்நூறு வருஷமாகிறது," என்றாள்,
ஊரில் தனியே விட்டுவந்த யாரையோ பற்றிச் சொல்வதுபோல.
"டிக்கெட் இருந்தால் போதும்,
கருவறைக்குள்ளேயே நின்று படம் எடுக்கலாம்.
ஏன் வந்தாய் என்று கேட்க உள்ளே யாருமில்லை."

சாப்பாட்டுக்குப் பிறகு ஆத்தங்குடி, டைல்ஸ் கடை.
கூட்டம் பூக்கல்லைத் தடவிக்கொண்டிருக்க
என் காதருகே வந்து கேட்டாள்:
"உனக்கு எத்தனை?"
"நூற்றுக்குப் பத்து."
"பாப்பிரஸ் கடையில் எனக்கு முப்பது."
கொஞ்ச நேரம் எனக்கு வருத்தமாக இருந்தது.

வைரவன்பட்டியில் நாலு மணிக்குக் கதவு திறக்கவில்லை.
நாலே காலும் ஆயிற்று.
காத்திருந்த நேரத்தில் சொன்னாள்:
எட்ஃபூச் சுவரில் செதுக்கியிருக்கிறதாம்,
விடிந்ததும் பூசாரி களிமண் முத்திரையை உடைத்து
தாழை இழுத்துத் தெய்வத்தை எழுப்புவது.
நாளைக்கு மூன்று தரம், இரண்டு மொழியில்,
வெறுங்காற்றில் தாழை இழுத்துக் காட்டுவாளாம்.
"அது என்ன சத்தம் போடும் என்று
யாரும் கேட்டதில்லை. நல்லவேளை."

குருக்கள் டி.வி.எஸ்ஸில் வந்தார்.
மஞ்சள் பையில் சாவிக் கொத்து,
வேட்டியில் சங்கிலி எண்ணெய்க் கறை.
மணியை அடித்தார்.
இரும்பு இரும்பில் உரசி, நின்று, தயங்கி,
மரம் அடிவயிற்றிலிருந்து முனகிற்று.
நாகிலா கண்ணை மூடியிருந்தாள்.
அவள் வலக்கை தானாகக் காற்றில் தாழை இழுத்தது,
சத்தத்துக்கு ஒரு கண நேரம் முந்தி.
திறந்த இருட்டிலிருந்து
வௌவால், பழைய எண்ணெய், காலையில் சூட்டிய பூ,
எல்லாம் சேர்ந்த ஒரு சூடான மூச்சு.

பதினாறு வருஷமாய்
இந்த நேரத்தில் நான் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.
அன்றும் எண்ணினேன். பத்து.
மறுபடி எண்ணினேன். பத்து.
உள்ளே, வைரவர் முன் பாடத்தைத் தொடங்கியபோது
முதல் வரி வரவில்லை.
அவருடைய நாய் என்னைப் பார்த்தது.

பதினோராவது தலை வாசலிலேயே நின்றது.
சாவியைக் காட்டி ஏதோ கேட்டாளாம்.
மொழி புரியாத குருக்கள்
சாவியை அவள் கண்ணருகே நீட்டினார்,
கையில் தரவில்லை,
பைக்குள் போட்டுக்கொண்டார்.

காரைக்குடியில் இறங்கும்போது
ஐந்நூறு ரூபாய்த் தாளை மடித்து என் உள்ளங்கையில் வைத்தாள்.
"ஒரே தொழில், வேண்டாம்," என்றேன்.
"நானாக இருந்தால் வாங்குவேன்," என்றாள்.
வாங்கிக்கொண்டேன்.